இது எந்த ஊர்க் காற்று?

தமிழ்த் திகில் படங்களில் நள்ளிரவு வந்துவிட்டதென்று கடிகாரம் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் ஒரு நாய் ஊளையிடும், ஒரு கோட்டான் அலறும், இரண்டுக்கும் பின்னால் ‘ஊஊ’ என்று இழுத்துக்கொண்டு ஒரு காற்று வீசும். நாயும் கோட்டானும் நம்மூர்தான். அந்தக் காற்றை மட்டும் நம்மூர் முற்றத்தில் நின்று கேட்டவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அது பூட்டிய கதவும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட குளிர்நாட்டு வீட்டின் இடுக்குகளில் நுழைந்து ஊதுகிற காற்று. எப்போதோ எங்கோ பதிவாகி, ஒலித் தொகுப்புகளில் விலைக்கு வந்து, ஹார்டு டிஸ்க் மாறி ஹார்டு டிஸ்க்காக நம் எஃபெக்ட்ஸ் மேசை வரை வந்து சேர்ந்தது.

திகில் படைப்புகளில் காற்றொலி என்ன வேலை செய்கிறது, அதை எப்படி உண்டாக்குகிறார்கள், நாம் அதில் எங்கே நிற்கிறோம் என்று மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஊரில் நின்றுதான் பார்க்க முடியும். பாபநாசம் அதற்குத் தோதான இடம். தென்றல் பிறக்கும் மலை என்று புலவர்கள் கொண்டாடிய பொதிகையின் அடிவாரம் அது. ஆடி மாதம் மலையிலிருந்து அடிக்கிற காற்றில் அந்தத் தென்றலின் அடையாளமே இருக்காத ஊரும் அதுதான். தமிழில் நன்றாக ஓடிய ஒரு மர்மப் படம் அந்த ஊரின் பெயரைத் தலைப்பாகவே வைத்துக்கொண்டது என்பது கூடுதல் வசதி.

முதலில் அந்தக் காற்றைத் தெரிந்துகொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, பொதிகை என்றே சொல்லப்படும், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையையும் அதன் கூட்டாளிச் சிகரங்களையும் தாண்டி, ஈரம் வற்றிப்போய் இந்தப் பக்கம் இறங்குகிறது. வடக்கே செங்கோட்டைக் கணவாயிலும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இடுக்கில் சிக்கி வேகமெடுக்கிறது. குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும். கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்துவிட்டால் வெயிலும் புழுதியும் காற்றும்தான். அம்பாசமுத்திரம் வட்டாரத்து வயல்களுக்கு நம்பகமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. ஆக, இங்கே காற்றுக் காலம் வேறு, அடைமழைக் காலம் வேறு.

படத்துக்கு ஒலி அமைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். சினிமாவில் பயங்கரக் காற்று என்றால் கூடவே இடி, மின்னல், மழை என்று ஒரு பொதி கட்டி வருகிறது. பாபநாசத்துக் காற்று அப்படி வருவதில்லை. பட்டப்பகலில், மேகம் ஓடுகிற நீல வானத்தின் கீழ், நாள் கணக்கில் ஓயாமல் அடிக்கிறது. கொடியில் காயும் வேட்டி படபடக்கிறது, பேசுகிறவர் குரல் பாதி தூரத்தில் பிய்ந்து போகிறது, ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்ற பழமொழியை ஊர்க்காரர்கள் சிரிக்காமல் சொல்கிறார்கள். இந்தப் பகல் நேரத்துக் காற்றை வைத்து யாராவது ஒரு திகில் காட்சி எடுத்தால் அது புதிதாக இருக்கும். இருட்டு இல்லாமல் பயமுறுத்துவது கடினம் என்பதால்தானோ என்னவோ, அதிகம் பேர் முயலவில்லை.

காற்றுக்கென்று ஒரு குரல் கிடையாது. தடையில்லாத வெளியில் அது ஓசையின்றி ஓடுகிறது. எதன்மீது மோதுகிறதோ, எதன் வழியாக நுழைகிறதோ, அதன் குரலைத்தான் நாம் காற்றின் குரல் என்று கேட்கிறோம். 1878இல் வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் என்ற செக் இயற்பியலாளர் கம்பியில் மோதும் காற்று எழுப்பும் சுருதியை அளந்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஏறக்குறைய 0.2ஆல் பெருக்கினால் அந்தச் சுருதி கிடைத்துவிடும். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் 3 மில்லிமீட்டர் கம்பி சுமார் 670 ஹெர்ட்ஸில் பாடும். அதே காற்றில் இரண்டரை சென்டிமீட்டர் பருமனுள்ள மின்தொடர்க் கம்பி 80 ஹெர்ட்ஸில் முனகும். வேகம் இரண்டு மடங்கானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும்.

காற்றொலி ஏன் அழுகை போலக் கேட்கிறது என்பதற்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. காற்று ஒரே வேகத்தில் வீசுவதில்லை. வலுக்கும்போது சுருதி வழுக்கி ஏறுகிறது, தணியும்போது வழுக்கி இறங்குகிறது. மனிதக் குரல் ஒப்பாரியில் செய்வதும் இதையேதான், அதுவும் பெரும்பாலும் இதே எல்லைக்குள். பேய் என்ற எண்ணம் மனதுக்குள் வருவதற்கு முன்பே காது அங்கே ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது.

கதவிடுக்கு, சன்னல் சந்து, புகைபோக்கி இவற்றின் சீழ்க்கை இன்னொரு வகை. அதற்கு மூடிய அறை வேண்டும், குறுகிய வழி வேண்டும். குளிருக்கு அஞ்சி அடைத்துக் கட்டிய வீடுகளில் இரண்டும் உண்டு. பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் பழைய வீடுகள் காற்று உள்ளே வந்து போவதற்காகவே கட்டியவை. முன்வாசலில் நின்றால் கொல்லை தெரியும். காற்று அங்கே ஊளையிடாது, புகுந்து போகும். போகிற வழியில் ஓட்டைத் தட்டும், தட்டியை ஆட்டும், தாழ்ப்பாள் இல்லாத கதவை அடித்துச் சாத்தும். தகரக் கொட்டகையில் ஆணி தளர்ந்த ஒரு தகடு இருந்தால் போதும், இரவு முழுக்க ஒரு தாளம் கிடைக்கும். இந்த ஊரில் ஒரு பழைய வீட்டைக் காட்டிவிட்டுப் பின்னால் ஊளைக் காற்றைப் போடுவது, அந்த வீட்டில் இல்லாத புகைபோக்கியை ஒலியால் கட்டுவதாகிவிடும்.

இந்த மண்ணில் காற்று ஏறி ஒலிக்கும் பொருள்களைத் தேடினால் பஞ்சமே இல்லை. முதலில் பனை. தாமிரபரணிப் படுகையைத் தாண்டித் தேரிக்காட்டுப் பக்கம் போகப் போக அதன் ஆட்சிதான். பச்சை ஓலை சரசரக்கும். கீழே மடங்கித் தொங்கும் காய்ந்த ஓலை மட்டையில் மோதிச் சடசடக்கும். யாரோ மரத்தின்மேல் இடம் மாறி உட்காருவதாகத் தோன்றும் ஒழுங்கற்ற சத்தம் அது. பனையில் பேய் குடியிருப்பதாகத் தென்மாவட்டம் முழுக்கக் கதைகள் இருப்பதற்கு இந்தச் சடசடப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்தது அரசு. அதன் இலைக்காம்பு நீளம், இலை அகலம், நுனி வால்போல் ஒல்லி. வேறு எந்த மரமும் அசையாத இளங்காற்றில் அரசு மட்டும் சலசலக்கும். கண்ணை மூடிக் கேட்டால் மழை பெய்கிறதென்றே தோன்றும். அரசமரமே கதை சொல்வதாக ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதிய வ.வே.சு. ஐயர் 1925இல் இறந்தது பாபநாசத்து அருவிப் பக்கம், கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய். கதையிலும் ஒரு பெண் நீரில்தான் முடிகிறாள். இந்த ஒற்றுமையை வைத்து அமானுஷ்யம் பேச எனக்கு விருப்பமில்லை. காற்று இருப்பதே தெரியாத நேரத்திலும் ஒரு மரம் பேசுவதை இந்த வட்டாரத்துக் காதுகள் நன்றாக அறியும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூங்கிலைச் சொல்லாமல் விட முடியாது. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சாரலின் ஒலியை அடுக்குகிறார். வண்டு துளைத்த மூங்கில் ஓட்டைகளில் மேல்காற்று நுழைந்து குழலாகிறது. அருவி முழவாகிறது, மான்கூட்டத்தின் குரலும் வண்டின் ரீங்காரமும் மற்ற வாத்தியங்களாகின்றன, மயில் ஆடுகிறது, மந்திகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கின்றன. இன்று ஒலிக்கலைஞர் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக டிராக் அடுக்குவது இதே வேலைதான். ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் இடம், ஒரு மூலம், ஒரு காரணம் அந்தப் பாட்டில் இருக்கிறது; காற்று எங்கிருந்து, எதன் வழியாக வருகிறது என்று கபிலருக்குத் தெரியும். நம் திகில் படங்களின் காற்றுக்கு அந்த முகவரி இல்லை என்பதுதான் என் குறை.

பாரதியும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. 1918க்குப் பிறகு ஓரிரு வருடம் அவர் வாழ்ந்த கடையம் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். அவருடைய வசன கவிதையில் ‘காற்று’ என்ற பகுதியில் பந்தலிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகள் காதலர்களாகி ஆடிப் பேசுகின்றன. உயிரில்லாத கயிற்றைக் காற்று உயிருள்ளதாக்குகிறது. பாரதி அதில் ஆனந்தம் கண்டார். அதே காட்சியை ஆளில்லாத வீட்டில், கேமராவை அசைக்காமல், ஒரு கயிற்றை மட்டும் ஆடவிட்டு எடுத்தால் திகில் படமாகிவிடும். காட்சி மாறவில்லை, கேட்கிறவர் நிலைதான் மாறியிருக்கிறது. காற்றொலியில் பயம் தானாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு எப்படித்தான் பயம் வருகிறது? பல வழிகளில் வருகிறது என்றாலும், மற்றவை எல்லாம் சாய்ந்து நிற்கிற முக்கியமான வழி ஒன்றுதான்: காற்று மற்ற ஒலிகளை மறைக்கிறது. இலைகளின் சலசலப்பு பல அலைவரிசைகளில் பரவிய ஓசை. காலடி, சருகு மிதிபடுதல், மூச்சு, கதவுக் கீல் எல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். பின்னால் ஒருவர் வந்தாலும் நமக்குக் கேட்காது என்ற உணர்வை அது தருகிறது. பார்வையாளர் காதைத் தீட்டிக்கொள்கிறார், இல்லாததையும் கேட்கத் தொடங்குகிறார். ஆகவே திகிலுக்குக் காற்றை உரக்க வைப்பதைவிட, காலடி கேட்கிறதா கேட்கவில்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வைப்பதே கெட்டிக்காரத்தனம். பல படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. காற்றையும் ஏற்றி, காலடியையும் ஏற்றி, நடுவில் வயலினையும் ஏற்றி, மறைக்கவோ தேடவோ எதுவுமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, காற்று நிற்பது. பத்து நிமிடம் ஓடிய ஓசை சட்டென்று அடங்கினால் காது அதை ஒரு நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் இதற்குத் தயாரான ஒரு கருவி உச்சியிலேயே தொங்குகிறது. தமிழ் வீட்டுக்குள் காற்று என்றால் மின்விசிறிதான். இரவில் அதன் கரகரப்பை நாம் கேட்பதே இல்லை. மின்சாரம் போனதும் அது ஒவ்வொரு சுற்றாக வேகம் குறைந்து ஓயும்போதுதான், இதுவரை எதையெல்லாம் அது மறைத்திருந்தது என்று தெரிகிறது: பல்லி, குழாய்ச் சொட்டு, பக்கத்து அறை. ஊளைக் காற்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

மின்விசிறிக்கும் பேய்க்கும் ஒரு பிரபலமான தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிவதையும் காரணமற்ற கலக்கத்தையும் உணர்ந்தார். தேடிப் பார்த்தபோது, புதிதாக மாட்டிய வெளியேற்று விசிறி ஒன்று ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் அறையை அதிர வைத்தது தெரிந்தது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. 1998இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அன்றிலிருந்து, கேளா ஒலியால் பயத்தை உண்டாக்கலாம் என்ற நம்பிக்கை ஒலித்துறையில் சுற்றி வருகிறது. காஸ்பர் நோயே 2002இல் ‘இர்ரிவர்சிபிள்’ படத்தின் தொடக்கப் பகுதியில் சுமார் 27 ஹெர்ட்ஸ் ஒலியைச் சேர்த்ததும் இந்த நோக்கில்தான். ஒரு மனிதரின் அனுபவத்திலிருந்து பொது விதி செய்வது ஆபத்து, பிற்காலச் சோதனைகளும் ஒரே திசையில் முடியவில்லை. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. சாதாரணத் திரையரங்கின் சப்வூஃபர் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். பேய்களை 19 ஹெர்ட்ஸில் வரவழைக்க நினைக்கும் இயக்குநர் முதலில் அம்பாசமுத்திரத்துத் தியேட்டர்காரரிடம் பேச வேண்டியிருக்கும்.

செயற்கைக் காற்றின் வரலாறு சினிமாவைவிடப் பழையது. ஐரோப்பிய நாடக மேடைகளில் மரச்சட்டங்கள் பதித்த உருளையின்மீது கித்தான் துணியை இழுத்துப் போர்த்திக் கையால் சுற்றினார்கள். வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், மெதுவாகச் சுற்றினால் இறங்கும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897இல் எழுதிய ‘டான் குவிக்சாட்’ இசையிலும் 1915இன் ‘ஆல்ப்ஸ் சிம்ஃபனி’யிலும் இந்தக் கருவியை இசைக்குழுவுக்குள்ளேயே உட்கார வைத்தார். நம் பக்கத்தில் வானொலி நாடகக் காலத்தில் மைக் முன்னால் உதட்டைக் குவித்து ஊதுவதே போதுமான புயலாக இருந்தது. மிமிக்ரி மேடைகளில் இன்றும் அதுதான் முறை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. வெளியே அசல் மேல்காத்து ஜன்னலை அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒலிப்புகாத அறைக்குள் ஒருவர் வாயால் காற்று உண்டாக்கும் காட்சியைக் கற்பனை செய்தாலே சிரிப்பு வருகிறது.

உலக சினிமாவில் காற்று கதாபாத்திரமாகும் வரிசை நீளமானது. விக்டர் ஷோஸ்ட்ரோமின் ‘தி விண்ட்’ 1928இல் வந்த பேசாப் படம். மொஹாவி பாலைவனத்தில் விமான விசிறிகளால் மணலைக் கிளப்பி எடுத்தார்கள். பேச்சே கேட்காத படத்தில் ஒரு பெண் காற்றால் மனம் பேதலிப்பதைக் கண்ணால் பார்த்தே நம்ப முடிகிறது. செர்ஜியோ லியோனே 1968இல் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் நீண்ட தொடக்கத்தில் வழக்கமான இசையை விலக்கிவிட்டு, எண்ணெய் காணாத ஒரு காற்றாலைச் சக்கரத்தைக் கிறீச்சிடவிட்டார். மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது, அதுவே தாங்க முடியாத இறுக்கம். அங்கேயும் காற்றின் குரல் ஒரு பொருளின் குரல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். டேவிட் லின்ச்சின் ‘இரேசர்ஹெட்’ (1977) படத்துக்கு ஆலன் ஸ்ப்ளெட்டும் லின்ச்சும் செய்தது வேறு. காற்றா இயந்திரமா என்று பிரிக்க முடியாத ஓர் இரைச்சலைப் படம் முழுக்க ஓடவிட்டார்கள். கனெத்தோ ஷிண்டோவின் ‘ஓனிபாபா’வில் (1964) ஆளுயர நாணல், பேலா தாரின் ‘தி டூரின் ஹார்ஸ்’ (2011) படத்தில் ஓயாப் புயல். பட்டியலை இதோடு விடலாம். இவை எல்லாவற்றிலும் காற்று அந்தந்த நிலத்தின் மண்ணையும் புல்லையும் இரும்பையும் பிடித்துக்கொண்டு வருகிறது.

தமிழுக்கு வருவோம். எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தபோது மர்மத்துக்குப் பாட்டு தேவையில்லை என்று நிரூபித்தார். ஆனால் அந்தப் பாதையில் பின்தொடர்ந்தவர்கள் குறைவு. அறுபதுகளின் ‘யார் நீ’, ‘அதே கண்கள்’ வகைப் படங்களில் பயத்தை இசைக்குழுவே சுமந்தது. எழுபது, எண்பதுகளில் ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’, ‘நூறாவது நாள்’ வந்தபோது இளையராஜாவின் பின்னணி இசை அந்தச் சுமையை இன்னும் அழகாக ஏற்றுக்கொண்டது. தமிழில் இசையமைப்பாளர் வலுவாக இருந்ததுதான் ஒலியமைப்பு வளராமல் போனதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்.ஆர். எனும் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஒரு காட்சியை எடுத்துவிட்டால், அங்கே காற்று என்ன சொல்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இதைவிட அடிப்படையான காரணம் டப்பிங். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி பைலட் டிராக் என்ற அளவில் மட்டும் பயன்பட்டு, பிறகு தூக்கி எறியப்படுவது நம் வழக்கம். ஜெனரேட்டர் இரைச்சலோடும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் பேச்சோடும் அந்த இடத்தின் காற்றும் சேர்ந்து போய்விடும். பிறகு ஸ்டூடியோவில் குரல் தனியாக, காலடி தனியாக, காற்று தொகுப்பிலிருந்து தனியாக. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தபோது ஒலியைப் பார்வையாளரின் பின்னாலிருந்தும் வரவைக்க வழி பிறந்தது. 2004இல் ‘விருமாண்டி’ நேரடி ஒலிப்பதிவை முயன்றது. கருவிகள் வந்துவிட்டன, பழக்கம் மெதுவாகத்தான் மாறியது.

தொலைக்காட்சியில் ‘மர்ம தேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். தொண்ணூறுகளின் இறுதியில் அந்தக் குதிரைக் குளம்பொலிக்குப் பயந்து வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. கிராமத்துக் காவல் தெய்வத்தை அதன் சொந்த ஒலிகளோடு பயமாக்கிய படைப்பு அது. சலங்கை, மணி, குளம்பு என்று நம் பயத்துக்கு ஏற்கெனவே ஓர் ஒலிக்கிடங்கு இருப்பதை அது காட்டியது. காத்து கருப்பு அண்டும் என்று பேசிப் பழகிய ஊர்களில் காற்றும் அந்தக் கிடங்கில் எப்போதும் இருந்ததுதான்.

‘பாபநாசம்’ (2015) படத்திடம் ஊர்க் காற்று எங்கே என்று கேட்டால் வேறு விடை கிடைக்கிறது. ஜீத்து ஜோசப் தன் மலையாளப் படமான ‘த்ரிஷ்ய’த்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது நெல்லைப் பேச்சைத்தான் ஊரின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டார். கமல் ஹாசனின் சுயம்புலிங்கம் வாயைத் திறந்தால் ஊர் வந்துவிடுகிறது. ஜிப்ரானின் இசை பதற்றத்தைத் தூக்கிக்கொள்கிறது. இந்தப் படத்தின் பயம் போலீஸைப் பற்றிய பயம். உரக்குழியும் காவல் நிலையமும்தான் அதன் பேய் வீடுகள். இங்கே அமானுஷ்யக் காற்றைப் போட்டிருந்தால் படம் கெட்டிருக்கும். போடாததற்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். ஆனாலும் ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைத்த படத்தில் அந்த ஊர் காதுக்குப் பேச்சாக மட்டுமே கிடைக்கிறது என்ற சின்ன ஏமாற்றம் எனக்கு உண்டு. ஆடிக்காற்று அடிக்கும் ஒரு மத்தியானத்தில், வேலிக்கு அப்பால் போலீஸ் பேசுவது பாதி கேட்டுப் பாதி கேட்காமல் போகிற மாதிரி ஒரு விசாரணைக் காட்சி இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த மாதிரி ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தவர் பி.எஸ். வினோத்ராஜ். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் உயர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ படத்தில் காய்ந்த நிலமும் வெயிலும் காற்றும் ஒரு குடும்பச் சண்டையின் மீதி வசனங்களைப் பேசின. 2024இல் ‘கொட்டுக்காளி’க்குப் பின்னணி இசையே வைக்கவில்லை. ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது. இதைவிடச் சுத்தமான சஸ்பென்ஸ் கிடையாது. வண்டிச் சத்தம், சேவல், காற்று, மனிதர் மூச்சு இவைதான் படத்தின் இசை. திகில் பட வரிசையில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. ஒலியமைப்பைப் பற்றிப் பேசும்போது ‘பீட்சா’, ‘பிசாசு’, ‘மாயா’வோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும் என்பேன்; சில விதங்களில் அவற்றுக்கு முன்பாகவே.

சரி, பாபநாசத்துக் காற்றை உண்மையில் பதிவு செய்ய வேண்டுமானால்? மைக்கைக் காற்றுக்கு நேரே பிடித்தால் கிடைப்பது காற்றொலி அல்ல, மைக்கின் சவ்வைக் காற்று அறைகிற குடுகுடுப்பு மட்டுமே. காற்றைப் பதிவு செய்ய முதலில் மைக்கைக் காற்றிலிருந்து ஒளிக்க வேண்டும். ரோமத் துணி உறை போட்டு, ஒரு பாறைக்கோ சுவருக்கோ பின்னால் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, காற்று மோதும் மரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். வேலிக் கம்பியிலோ தகரத்திலோ ஒட்டும் தொடு மைக் இன்னும் சுவாரசியமானது. காதுக்குக் கேட்காத முனகல்களை அது எடுத்துக் கொடுக்கும். நிறைய நேரம் பதிவு செய்வதும் முக்கியம். ஒரு நிமிடக் காற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், அதே இடத்தில் அதே வீச்சு வருவதைக் காது மூன்றாவது சுற்றில் கண்டுபிடித்துவிடும். பயம் அங்கேயே செத்துப்போகும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். மலைமேல் போகப்போக அருவியும் ஆறும் அணையும் சேர்ந்து ஓர் அடித்தள இரைச்சலைத் தந்துகொண்டே இருக்கும். அகத்தியர் அருவிப் பக்கம் காற்றைத் தனியாகப் பிரிப்பது நடக்காத காரியம். அதற்கு மேலே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயில் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும், மற்ற நாட்களில் ஆள் நடமாட்டம் கொஞ்சம். அங்கே வேண்டுதலுக்காகக் கட்டிய மணிகளைத் தனக்குள் வாங்கி வளர்ந்துகொண்ட ஓர் இலுப்பை இருக்கிறது, மணி விழுங்கி மரம் என்பார்கள். விழுங்கப்பட்ட மணி ஒலிக்காது. வெளியே தொங்குவது காற்றுக்கு ஒலிக்கும். திகில் கதை எழுதுகிறவர் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒன்று தோன்றாது. பக்தர்களின் இடத்தை வெறும் பய அலங்காரமாக்குவது சரியா என்ற கேள்வியும் கூடவே வரும், வர வேண்டும். என் கட்சி, அங்குள்ள மனிதர்களுக்கு அந்த மணி பயமா ஆறுதலா என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும் என்பது. பெரும்பாலும் ஆறுதல்தான். ஆறுதலான ஒலி சரியான இடத்தில் நின்றுபோவது ஊளையைவிட அதிகமாகக் கலக்கும்.

சமவெளிக்கு இறங்கினால் இந்தத் தலைமுறைக்கே உரிய ஒரு காற்றொலி காத்திருக்கிறது. கயத்தாறு, பணகுடி, முப்பந்தல் என்று நெல்லை மாவட்டத்தையும் அதன் எல்லைகளையும் காற்றாலைகள் நிரப்பிவிட்டன. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கிய பயணம். பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 18 சுற்று சுற்றுகிறதென்று வையுங்கள். மூன்று இறக்கைகள், ஆகவே நிமிடத்துக்கு 54 முறை ‘வுஷ்’. ஓய்வாக இருக்கும் மனித இதயத்துக்கு மிக நெருங்கிய வேகம். பனைமரக் காட்டுக்கு மேலே, இருட்டில், சிவப்பு விளக்கு மட்டும் தெரிய, இந்த ஓசை மூச்சு விடுவதுபோல் வந்து போகும். நம் படங்களில் காற்றாலைகள் ஏராளமாக வருகின்றன, டூயட்டுக்குப் பின்னணியாகச் சுழல்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் குறைவு. பி.பி.சி. தன் ஒலிக் களஞ்சியத்திலிருந்து 16,000க்கும் அதிகமான பதிவுகளை 2018இல் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. தமிழ் நிலத்தின் காற்றுகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரு திரைப்படக் கல்லூரி மாணவர் குழு ஓர் ஆடி மாதத்தில் தொடங்கிவிடக் கூடிய வேலை அது.

இப்போது திகில் தொடர்களை அதிகம் பேர் பார்ப்பது கைபேசியில். அதன் குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. ஸ்டூடியோவில் பெருஞ்செலவில் சேர்த்த அடிநாத முனகல் அங்கே வந்து சேர்வதே இல்லை. ஊளைக் காற்று வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாகச் சுருங்கிவிடுகிறது. காய்ந்த பனையோலையின் சடசடப்பும் தகரத்தின் தட்டலும் அரசிலையின் சலசலப்பும் அதற்கு மேலேயுள்ள அலைவரிசைகளில் வாழ்பவை. அந்த ஸ்பீக்கரிலும் அவை தெளிவாகக் கேட்கும்.